மனநிறைவே மாளிகை

வணக்கம், ஐயா. முன்கூட்டிச் சொல்லாமல் வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பெயர் அறிவுடைநம்பி. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். செம்பருத்தி நகர் முகப்பில் ஒரு கரும்பலகை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். நாள்தோறும் அதில் ஒரு நற்சிந்தனை எழுதுகிறவன் நான்தான். பார்த்ததில்லையா? பரவாயில்லை. பார்க்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அமல்தாஸ் மீது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். பின் அறைச் சுவரில் விரிசல். ஆணையம் ஒரு பொறியாளரை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. அவர் பார்த்தார், அறிக்கையும் கொடுத்துவிட்டார். அந்த அறிக்கைக்கு வரும் திங்கட்கிழமை நான் ஆட்சேபணை தாக்கல் செய்தாக வேண்டும். "வெறும் வாயால மறுத்தா நிக்காது சார், இன்னொரு இன்ஜினியர் கிட்ட கருத்து எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் என் வக்கீல். உங்கள் பெயரைச் சொல்லும்போது, "அவரு ரொம்ப நேர்மையானவரு, யோசிச்சுக்கங்க" என்று ஏனோ தயங்கினார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நேர்மையைத் தேடித்தானே இத்தனை காலமாக நான் அலைகிறேன்.

காப்பி எதற்கு, ஐயா? சரி, கொடுங்கள். மழையில் வந்திருக்கிறேன்.

முதலில் வீட்டின் அமைப்பைச் சொல்கிறேன். அது ஒரு வீடு அன்று. ஒட்டிப் பிறந்த இரண்டு வீடு. என் மாமனார் தம் மனையை இரு மகள்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். மூத்தவள் மங்கையர்க்கரசி என் மனைவி. இளையவள் திலகவதி. அவள் கணவர் மாசிலாமணி, என் சகலை. பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். "நடுவுல ஒரே சுவர் போதும். அக்கா தங்கச்சிக்கு எதுக்கு ரெண்டு சுவர்?" என்று மாமனார் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டுத் தளத்தின் பின்பாதியும் அந்த ஒற்றைச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. என் பக்கம் அது பின் படுக்கையறை. அந்தப் பக்கம் மாசிலாமணி மகள் யாழினியின் அறை.

பெண்கள் இருவருக்கும் அந்தச் சுவர்தான் தொலைபேசி. ஒரு தட்டு தட்டினால் குழம்பு இறக்கியாயிற்று, கிண்ணத்தோடு வா என்று பொருள். விடாமல் தட்டினால் வாசலில் ஏதோ வேடிக்கை என்று பொருள். நான் பகல் தூக்கம் தூங்குகிற சுவர் அது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன்.

ஐயா, ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். எனக்கும் மாசிலாமணிக்கும் பகை ஏதும் இல்லை. அவர் என்று மரியாதையாகத்தான் சொல்கிறேன், கவனித்தீர்களா? நான் படித்தவன், அவர் படிக்காதவர். ஆனாலும் நடைப்பயிற்சிக் குழுவில் நான் ஒருநாள் வராவிட்டால் யாரும் கேட்பதில்லை. அவர் வராவிட்டால், "என்னப்பா, நம்ம மணியைக் காணோம்?" என்று பத்து வாய் கேட்கும். நான் எழுதிய சிந்தனையைப் படித்துவிட்டு ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் கல்யாண வீட்டில் நாற்காலி இறக்கும்போது அடித்த ஏதோ ஒரு கேலியை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். உலகம் அப்படி. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பிறர் உயர்வைக் கண்டு மகிழ்வதுதான் பண்பு. அதைப் பலகையில் பலமுறை எழுதியிருக்கிறேன்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் புதுமனை புகுவிழா. பால் பொங்கியது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தெருவில் நின்றார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே அண்ணாந்து பார்த்து, "ஏம்ப்பா நம்பி, சின்னவரு வீடு ஒரு சாண் தூக்கலா நிக்குதே!" என்றார்.

நான் பார்த்தேன். உண்மைதான். ஒரு சாண்.

அமல்தாஸை அங்கேயே கூப்பிட்டுக் கேட்டேன். "சார், ரோடே சரிவு சார். ரெண்டு வீட்டுக்கும் படி ஒரே அளவுதான். அவரு மேட்டுல இருக்காரு, நீங்க பள்ளத்துல இருக்கீங்க" என்றார். பள்ளம்! பந்தி நடக்கும் இடத்தில், சம்பந்தக்காரர்கள் நிற்கும்போது, பள்ளம் என்றார். அந்த மனையை மூத்த மருமகன் என்ற முறையில் முதலில் தேர்ந்தெடுத்தவன் நான். வடக்கு குபேர திசை என்று வாஸ்து பார்த்து எடுத்தேன். "உங்களுக்கு எது புடிக்குதோ எடுத்துக்கங்கண்ணே, எனக்கு எதுவா இருந்தா என்ன" என்று அன்று மாசிலாமணி சொன்னபோதே நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பதுபோல் நடித்து மேட்டை எடுத்துக்கொண்டார், பாருங்கள்.

அமல்தாஸிடம் சொன்னேன்: "என் மொட்டைமாடியை ஒரு சாண் உயர்த்திக் கொடுங்கள்." அவர் தலையை ஆட்டினார். "வேணாம் சார். நடுச்சுவரு ஏற்கெனவே ரெண்டு வீட்டைத் தாங்குது. அந்த அளவுக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கேன். மேல புதுசா எதையும் ஏத்தாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன்" என்றார். நிஜமாகவே கும்பிட்டார்.

ஐயா, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தான் கட்டிய சுவர் மேல் தனக்கே நம்பிக்கை இல்லாத ஒருவர், கட்டி முடித்த அன்றே அதை வாய்விட்டு ஒப்புக்கொள்கிறார். இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆணையத்தின் பொறியாளரிடமும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். ஆனால் தலைகீழாக எழுதிக்கொண்டார்.

அமல்தாஸ் மறுத்ததால், சோலைமலை என்ற கொத்தனாரை அமர்த்தினேன். மொட்டைமாடி முழுவதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இறுக்கி, மேலே தட்டை ஓடு பதித்தோம். ஒரு சாண் கேட்டேன், ஒன்றரைச் சாணாகவே வந்தது. தெருவில் நின்று பார்த்தேன். மனத்துக்கு ஓர் அமைதி. அன்று பலகையில், "தாழ்வு மனப்பான்மையை வெல்க" என்று எழுதினேன்.

அந்த அமைதி ஒரு மாதம்கூட நிற்கவில்லை. மாசிலாமணி தன் மாடியில் தகரக் கொட்டகை ஒன்று போட்டான். கேட்டால், பந்தல் துணி நனைந்துவிடுகிறதாம், காயப்போட இடம் வேண்டுமாம். துணியா காய்கிறது? என் கண்ணல்லவா காய்கிறது! தெருமுனையிலிருந்து பார்த்தால் தகரம்தான் பளபளவென்று தெரிகிறது. என் வீடு அதற்குப் பின்னால் போய்விட்டது.

அப்போதுதான் வாஸ்து பார்க்கிற ஒருவர், "உங்க கன்னிமூலை தாழ்ந்து கெடக்கு. தென்மேற்கு உசந்தாத்தான் குடும்பம் உசரும். தண்ணித் தொட்டியை அங்க கொண்டுவாங்க" என்றார். என் வீட்டுக் கன்னிமூலை எங்கே வருகிறது தெரியுமா? நடுச்சுவர் முடிகிற இடத்தில், சரியாகப் பின் அறைக்கு மேலே. தெய்வமே இடம் காட்டியது போல் இருந்தது.

சோலைமலை, "பிளாஸ்டிக் தொட்டி ஒண்ணு வாங்கிப் போடுங்கய்யா, தோள்ல தூக்கிட்டுப் போயி வச்சிடலாம்" என்றான். நான் சம்மதிக்கவில்லை. மாசிலாமணி வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் தொட்டி. செங்கல்லிலேயே கட்டச் சொன்னேன். ஆள் உயரத்துக்குத் தூண், அதன்மேல் தொட்டி. இரண்டு தூண் என் மாடியில், இரண்டு நடுச்சுவரின் மேல். சுவரில் பாதி எனக்கு உரிமை அல்லவா? தொட்டிக்கு மேலே சிமெண்டில் விரித்த புத்தகம் ஒன்று செய்து வைத்தோம், ஐயா. இரண்டு பக்கமும் தாள் மடிவது போல் வளைந்து, பார்க்க அவ்வளவு அழகு. சாரத்தில் ஏற்றுவதற்குள் நான்கு பேருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அதில் என் சொந்த வாசகம்: மனநிறைவே மாளிகை. சிவப்பு எழுத்தில். பேருந்து நிறுத்தத்தில் நின்று படிக்கலாம்.

மாசிலாமணி தெருவில் நின்று பார்த்தான். "அருமையா இருக்குண்ணே! இனிமே ஆட்டோக்காரனுக்கு வழி சொல்ல வேணாம், புத்தக வீட்டுக்குப் பக்கத்து வீடுன்னா போதும்" என்றான். பாருங்கள், என் புத்தகம் அவன் வீட்டுக்கு அடையாளமாம்!

அந்த வாரம் நடைப்பயிற்சிக் குழுவில் எனக்குப் பேச வாய்ப்பு வந்தது. மாசிலாமணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு உறைக்கட்டும் என்று நானே புனைந்த கதை ஒன்றைச் சொன்னேன். ஒரே கொடியில் இரண்டு பூசணி. கூரைமேல் படர்ந்து காய்த்தவை. ஒன்று தன்பாட்டில் விளைந்தது. மற்றொன்று, வழிப்போக்கர்கள் தன்னை மட்டுமே பார்க்க வேண்டும் என்று இரவும் பகலும் நீரை உறிஞ்சி ஊதியது. ஊதியது, ஊதியது, இன்னும் ஊதியது. ஒருநாள் கூரையின் மூங்கில் முறிந்தது. கீழே அடுப்பும் சட்டியும் நொறுங்கின. விழுந்த பூசணி அப்போதும் மற்றதைப் பார்த்து, "நீ ஏன் கூட விழவில்லை?" என்று கேட்டதாம். இதுதான் கதை. சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் ஒருசேர என்னையே பார்த்தார்கள், ஐயா. ஒருவர் என் தலைக்கு மேலே வானத்தைக்கூடப் பார்த்தார். அவ்வளவு ஈடுபாடு. மாசிலாமணி மட்டும் குனிந்துகொண்டான். உறைத்திருக்கிறது.

அடுத்த மழைக்காலத்தில் விரிசல் வந்தது. முதலில் தலைமுடி போல் இருந்தது. மங்கைதான் பார்த்தாள். "என்னங்க, இது முன்னாடி இல்லையே" என்றாள். பிறகு அது கிளை விட்டு இறங்கியது. பழைய எட்டணாவை வைத்துப் பார்த்தேன், உள்ளே நின்றது.

நான் அப்போது அமல்தாஸிடம் போகவில்லை. முதலில் எங்கே போனேன் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வீட்டுக்கு. அந்தப் பக்கச் சுவர் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? யாழினியின் அறையில் புதிதாக வான்நீலச் சாயம் அடித்திருந்தார்கள். அந்தச் சுவரை ஒட்டி ஒரு புது இரும்பு பீரோ. கண்ணாடி பதித்தது, கூரையைத் தொடுகிற உயரம். பின்பக்கச் சன்னலில் பாதியை அது மறைத்துக்கொண்டு நின்றது. அதன் கண்ணாடியில் என்னையே நான் பார்த்தேன்.

"என்னம்மா யாழினி, காத்து வர்ற எடத்தை மறைச்சா பீரோ வைப்பாங்க?" என்றேன்.

"அம்மாதான் பெரியப்பா... அந்தச் சுவரு..." என்று அவள் தொடங்கினாள்.

"ஏய், போயிப் பெரியப்பாவுக்குக் காப்பி கொண்டா" என்று திலகவதி அவளை அனுப்பிவிட்டாள்.

பீரோ அவ்வளவு பெரிது என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும், ஐயா? நான் அதைக் கேட்கவில்லை. பிறர் உடைமையைப் பற்றி நினைப்பதே தவறு. ஆனால் அன்று முழுவதும் என் நெஞ்சில் ஒரே கேள்வி. ஒரே சுவர். ஒரே கை கட்டியது. என் பக்கம் பிளந்து கிடக்கிறது. அவன் பக்கம் வான்நீலம்! எப்படி?

இதற்கும் நான் ஒரு கதை சொல்வதுண்டு. ஒரு தச்சன் ஒரே மரத்தில் இரண்டு தொட்டில் செய்தான். ஒரு தொட்டில் பாடியது, மற்றொன்று முனகியது. அரசன் தச்சனை அழைத்து, "ஒரு மரத்துக்கு எப்படி இரண்டு குரல்?" என்று கேட்டான். தச்சன் தலைகுனிந்தான். ஏனெனில் ஒன்றைச் செய்யும்போது அவன் மனம் அதில் இருந்தது, மற்றொன்றைச் செய்யும்போது கை மட்டும்தான் இருந்தது.

என்ன கேட்டீர்கள்? இரண்டு தொட்டிலிலும் ஒரே எடையுள்ள குழந்தையா என்றா? ஐயா, கதைக்கு அது தேவையில்லை.

வழக்குப் போடுமுன் மாசிலாமணியையும் சேர்த்துக்கொள்ள நினைத்தேன். இருவரும் சேர்ந்து போட்டால் வலு அதிகம் என்றார் வக்கீல். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அமல்தாஸ் மேல கேஸ் போட எனக்கு மனசு வரலண்ணே. பாவம், மூணு பொண்ணை வச்சிருக்காரு. பேசித் தீத்துக்கலாம். நீங்க அந்தத் தொட்டியை மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தான். தொட்டியை! என் உயரத்தைக் குறைப்பதற்கு என் துன்பத்தையே வாய்ப்பாக்கிக்கொள்கிறான். நான் எழுந்து வந்துவிட்டேன். "இனி அது எதிர்த்தரப்பு வீடு. நீ அங்கே கால் வைக்கக் கூடாது, சுவரிலும் தட்டக் கூடாது" என்று மங்கையிடம் சொன்னேன். குழம்பு இறக்கியதும் அவள் கை தானாக ஓங்கும். பிறகு புடவையில் துடைத்துக்கொள்வாள்.

வழக்குப் போட்டது ஊருக்குத் தெரிந்தது. அமல்தாஸிடம் பேசி வைத்திருந்த வீடுகள் வேறு ஆளுக்குப் போய்விட்டன. குறைபாடு என்று தீர்ப்பு வந்தால் அவர் பெயரில் இந்த ஊரில் ஒரு செங்கல்கூட எழும்பாது என்கிறார்கள். இப்போது வேறொருவர் கட்டுமானத்தில் மேற்பார்வைக்கு நிற்கிறார். கடைத்தெருவில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி, "சார், தொட்டியில தண்ணியையாவது கம்மி பண்ணுங்க சார்" என்பார். எதிரிகள் இருவரும் ஒரே வசனத்தைப் பேசுகிறார்கள் என்றால் அது சதி இல்லாமல் வேறென்ன?

சரி, ஆய்வு நாளுக்கு வருகிறேன். ஆணையத்தின் பொறியாளர் இளைஞர். என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அமல்தாஸும் அவர் வக்கீலும் வரும்வரை விரிசலைப் பார்க்கவே மாட்டேன் என்று வாசலில் நின்றார். முறைதான். எல்லோரும் வந்ததும் பார்த்தார், அளந்தார், படம் எடுத்தார். "இதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார். பெருமையோடு அழைத்துப்போனேன். தொட்டியைச் சுற்றி வந்தார். புத்தகத்தை வெகுநேரம் பார்த்தார். "இது எப்ப கட்டினது?" என்றார். சொன்னேன். "விரிசல் எப்ப வந்தது?" என்றார். அதையும் சொன்னேன். மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? "பிளான்ல இது இருக்கா?" என்றார். "மனத்தில் இருந்தது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு, "அந்தப் பக்கச் சுவரையும் பாக்கணும்" என்றார். நானே கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார்! ஒரு மாசும் இல்லாத அந்த வான்நீலச் சுவரை அவர் பார்க்கட்டும், அமல்தாஸின் ஓரவஞ்சனை வெளிப்படட்டும் என்று நானே முன்னால் நடந்தேன்.

பொறியாளர் சுவரைத் தட்டினார். பீரோவை நகர்த்தச் சொன்னார். திலகவதி மாசிலாமணியைப் பார்த்தாள். மாசிலாமணி, "அது வேணாம் சார், அதுல ஒண்ணுமில்ல" என்றான். பொறியாளர் விடவில்லை. அமல்தாஸும் மாசிலாமணியும் சேர்ந்து நகர்த்தினார்கள்.

ஐயா, விரிசல்.

என்னுடையது போல் அன்று. தளத்திலிருந்து தரைவரை. என் எட்டணாவை எல்லாம் அது விழுங்கிவிடும். என் சுண்டுவிரலே உள்ளே போகும். யாழினி அதில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள். குறுக்கே அங்கங்கே இரும்புப் பட்டை முடுக்கியிருந்தது. "இது யாரு போட்டது?" என்று கேட்டார் பொறியாளர். அமல்தாஸ் தலையைச் சொறிந்தார். "நான்தான் சார். மணி அண்ணன் கூப்பிட்டாரு. பிடிமானத்துக்குப் போட்டேன். காசு வாங்கல."

"ஏங்க, ரெண்டு மழைக்காலமா இப்படி இருக்குன்னு சொல்றீங்க. நீங்க ஏன் கம்ப்ளெய்ண்ட் பண்ணல?" என்றார் பொறியாளர்.

மாசிலாமணி என்னைப் பார்க்காமல் சொன்னான்: "யாரு மேல சார் பண்றது? அமல்தாஸ் ஒழுங்காத்தான் கட்டினாரு. அண்ணன் ஆசையாக் கட்டின தொட்டி. இடிங்கன்னா மனசு ஒடைஞ்சுபோவாரு. பொண்ணு ஹாலுல படுத்துக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மங்கை வாசற்படியில் நின்றாள். வழக்குத் தொடங்கிய பிறகு அந்த வீட்டில் அவள் கால் வைத்தது அன்றுதான். திலகவதியைப் பார்த்தாள், அந்த விரிசலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

நீங்களே சொல்லுங்கள், ஐயா. இது நியாயமா? நான் என் விரிசலை ஊரறியச் சொல்லி, வக்கீல் வைத்து, ஆணையம் ஏறி இறங்குகிறேன். அவன் என்னுடையதைவிடப் பெரிய விரிசலை வைத்துக்கொண்டு, அதன்மேல் வான்நீலம் பூசி, பீரோவை நிறுத்தி, பேசாமல் இருந்திருக்கிறான்! எதற்கு? கடைசியில் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் அது திறக்கும்போது தான் உயர்ந்து நிற்பதற்கு. மேட்டு மனையை எடுத்தான். ஊரார் அன்பை எடுத்தான். பொறுமை ஒன்றாவது எனக்கென்று இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டான். விரிசலிலும் அவனுடையதுதான் நீளம்.

அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்கிறீர்களா? கட்டுமானத்தில் குறை இல்லை. உரிமையாளர் பின்னால் ஏற்றிய பாரமே காரணம். தொட்டியை உடனே காலி செய்து இறக்க வேண்டும். அதுவரை இரண்டு பின் அறைகளையும் யாரும் பயன்படுத்தக் கூடாது. அறிக்கை வந்து இருபது நாளாகிறது. பாரம் என்கிறாரே, தண்ணீர் பாரமா, ஐயா? வாழ்வு தருவதல்லவா தண்ணீர்? நீங்கள் மட்டும் எழுதிக் கொடுங்கள்: அமல்தாஸ் போட்ட கலவையில் சிமெண்டு குறைவு என்று. ஒரே ஒரு வரி.

எழுதுகோலை ஏன் மூடிவிட்டீர்கள்? என்ன? தொட்டி இப்போது காலியாக இருக்கிறதா என்றா? எப்படிக் காலி செய்ய முடியும்? காலி செய்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? நிறைந்திருக்கிறது. காலையில்கூட மோட்டார் போட்டுவிட்டுத்தான் வந்தேன். இந்த மழையில் மேலே மூடியும் சரியாக இல்லை, தளும்பிக்கொண்டிருக்கும்.

இன்று காலை என்ன மாற்றம் பார்த்தேன் என்கிறீர்களா? அதை நானே சொல்ல இருந்தேன். பின் அறைக் கதவு சாத்தவும் வரவில்லை, திறக்கவும் வரவில்லை. பாதியில் இறுகி நிற்கிறது. மழைக்கு மரம் ஊதியிருக்கும். கட்டில்மேல் மணல் கொட்டிக் கிடந்தது. துடைத்தால் மறுபடியும் கொட்டுகிறது. அந்தப் பக்கம் அவன் ஏதோ இடிக்கிறான். அதையும் உங்கள் கருத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

அறைக்குள் யாரும் போவதில்லையே என்றா? நான் போவதில்லை. மங்கை போகிறாள். அதுதான், ஐயா, என் உண்மையான வேதனை. பீரோ நகர்ந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோறு வரும், சொல் வராது. ஆனால் மத்தியானம் வேலை முடிந்ததும் பின் அறையில் பாயைப் போட்டுக்கொண்டு அந்தச் சுவரோரம் உட்காருவாள். அந்தப் பக்கம் திலகவதி உட்காருவாள். விரிசல்தான் இப்போது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை துளைத்துக்கொண்டு போய்விட்டதே. தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதன் வழியாகவே பேசிக்கொள்கிறார்கள். "ஏண்டி, இன்னிக்கு என்ன கொழம்பு?" "கத்திரிக்கா போட்டேங்கா. யாழினி அரை வயிறுதான் சாப்புடுது, பரிச்சைப் பயம்." சிரிப்புக்கூடக் கேட்கிறது. நான் கட்டி வைத்த மாளிகையில், என் மனைவி, முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த மனைவி, என்னிடம் பேசாத பேச்சையெல்லாம் ஒரு விரிசலிடம் பேசுகிறாள். நான் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது மணி என்ன? ஆம், அந்த நேரம்தான். இருவரும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள், ஐயா? காப்பி பாதி இருக்கிறதே. வண்டிச் சாவி எதற்கு? வீட்டுப் போன் எண்ணா? சொல்கிறேன், போடுங்கள்... எடுக்கமாட்டாள். போன் ஹாலில் கிடக்கும், அவள் பின்னால் இருப்பாள். மாசிலாமணி எண்ணா? தெரியும். கடைசி நான்கும் ஒரே இலக்கம். அப்படிப்பட்ட எண்ணும் அவனுக்குத்தான் வாய்த்தது. இதோ, என் போனிலேயே இருக்கிறது. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மணியிலேயே எடுப்பான், எப்போதும் அப்படித்தான்.

ஐயா, அது என் செருப்பு, நீங்கள் மாற்றிப் போட்டுக்கொண்டீர்கள். பரவாயில்லை, போட்டுக்கொள்ளுங்கள், நடங்கள். நானும் வருகிறேன். ஆனால் அவனிடம் சொல்லும்போது ஒன்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள். முதலில் என் வீட்டுக்குள் போய் மங்கையை வெளியே கூட்டிவரச் சொல்லுங்கள், அதன்பிறகு அவன் வீட்டைப் பார்க்கட்டும். மூத்தவள் அவள்தானே, ஐயா. வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா?